திரையில் மிஸாவோ பேசியது

1916 பிப்ரவரி 9, புதன்

என் பெண்டாட்டி மிஸாவோ இன்றும் ஆறரைக்கே கிளம்பிவிட்டாள். சினிமா ஸ்டூடியோ பக்கம் போகும் டிராம் ஏழேகாலுக்குத்தான். முக்கால் மணி நேரம் முன்னால் போய் என்ன செய்கிறாள்? கேட்டால் “உக்கார இடம் கிடைக்கும்” என்கிறாள். உட்கார இடத்துக்காக எவளாவது இந்தக் குளிரில் எழுந்து தலை வாருவாளா?

நேற்று மாலைக் காட்சிக்கு நல்ல கூட்டம். படம் என்னவோ குப்பை. கண்ணோரத்தில் பசை தடவி இழுத்து ஒட்டிக்கொண்ட ஒரு அமெரிக்கன், ஜப்பானிய ஒற்றனாம். வெள்ளைக்காரப் பெண்ணைச் சாவித்துளை வழியாகப் பார்த்து உதட்டை நக்குகிறான். காட்சிக்கு நடுவே வரும் ஆங்கில எழுத்து அட்டையில் இருந்ததை அப்படியே சொல்லியிருந்தால் முதல் தெருவில் குடியிருக்கும் நம் ஜப்பானிய ஜனங்கள் திரையைக் கிழித்திருப்பார்கள். நான் வழக்கம்போல அவனைச் சீனாக்காரனாக மாற்றிவிட்டேன். கான்டனில் பிறந்தவன், அபினி விற்பவன், பெயர் வாங். கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். வெள்ளைக்காரன் அட்டையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இந்த அமெரிக்க ஊரில், ஊமைப்படத் திரைக்குப் பக்கத்தில் நின்று ஜப்பானிய மொழியில் கதை சொல்லும் பென்ஷி நான். குராமோச்சி எய்ஜிரோ வாயைத் திறந்தால்தான் அது கதை.

வீட்டில் கைதட்டல் இல்லை. சாப்பிடும்போது மிஸாவோ கேட்டாள்: “அந்தச் சீனாக்காரங்க உங்களுக்கு என்ன பண்ணாங்க?”

“ஒண்ணும் பண்ணல. ஜனங்களுக்குப் புடிச்சிருக்கு.”

“ஸ்டூடியோக்காரங்களும் இதையேதான் சொல்றாங்க.”

மூன்று மாதம் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் குடை பிடித்து நின்றதற்குள் ஸ்டூடியோக்காரர்கள் பேச்சு வாயில் வந்துவிட்டது. இதைக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 15, செவ்வாய்

குடை பிடித்தவளுக்குக் கதாநாயகி வேடம். இன்று காலை ஊறுகாய் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே சொன்னாள், ஏதோ உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல.

கதை இது. முத்துக் குளிப்பவனின் மகள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய அமெரிக்கன் ஒருவனைக் காப்பாற்றுகிறாள், காதலிக்கிறாள். அவளுடைய சித்தப்பா கெட்டவன் (பசைக்கண் ஆள்தான், வேறு யார்). அமெரிக்கனைத் தேடி அவனுடைய வெள்ளைக்காரக் காதலி வந்து சேர்கிறாள். சித்தப்பா அமெரிக்கனைச் சுடுகிறான், இவள் குறுக்கே பாய்கிறாள். அமெரிக்கனின் மடியில் கிடந்து, அவன் கையையும் அந்தப் பெண்ணின் கையையும் சேர்த்து வைத்துவிட்டுச் சாகிறாள். கதாநாயகி பெயர் சிங்-தோயா. அது எந்த ஊர்ப் பெயர் என்று எழுதியவனுக்கே தெரியாது.

இந்த மாநிலத்தில் ஒரு வெள்ளைக்காரன் அவளைச் சட்டப்படி கட்டிக்கொள்ள முடியாது. படத்தில் முத்தமும் கூடாது. ஆகவே அவள் சாக வேண்டும். வேறு முடிவு எழுத அவர்களுக்குத் தெரியாது.

“இந்த வருஷம் அந்த ஸ்டூடியோல சாகற நாலாவது பொண்ணு நான்” என்று சிரித்தாள்.

“அவன் உன்னைத் தொடுவானா?”

“யாரு?”

“அந்தத் தேயர்.” வாரன் தேயர்தான் அமெரிக்கனாக நடிப்பவன். பெயரைக் கூட இவள் சொல்லவில்லை, பத்திரிகையில் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

“மடியில விழுந்து சாகணும். தொடாம எப்படிச் சாகறதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும், சென்சேய்.”

ஊரெல்லாம் என்னை சென்சேய், அதாவது ஆசான், என்று மரியாதையாக அழைக்கிறது. வீட்டில் மட்டும்தான் அது கேலிப் பேச்சு. நாற்பது பெண்கள் குடை பிடித்து நின்றார்களே, இவளை மட்டும் ஏன்?

பிப்ரவரி 24, வியாழன்

புதுக் கையுறை. சாம்பல் நிறம். “ஒதெய்யும் நானும் சேர்ந்து வாங்கினோம்” என்றாள். ஒதெய் எங்களுக்குக் கீழ் அறையில் இருப்பவள், படத்தில் இவளுக்கு அம்மா வேடம். சாயங்காலம் படிக்கட்டில் ஒதெய்யின் கையைப் பார்த்தேன். அவள் கையுறை பழுப்பு.

மார்ச் 3, வெள்ளி

துணி உலர்த்தும் இடத்தில் ஒதெய் பிடித்துக்கொண்டாள்.

“சென்சேய், உங்க வீட்டம்மா லேசுப்பட்ட ஆளில்ல. ஒரே காட்சி, பதினோரு தடவை எடுத்தாங்க.”

“எந்தக் காட்சி?”

“அவரு கையைப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, இப்படி மூஞ்சிக்கிட்ட வருவாரே. அது.”

“எதுக்குப் பதினோரு தடவை?”

“அதை அவகிட்டயே கேளுங்க.” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள்.

கேட்டேன். “வெளிச்சம் சரியில்ல” என்றாள் மிஸாவோ.

வெளிச்சம் சரியில்லையா? இந்த ஊர் வெயிலுக்காகத்தானே எல்லாக் கம்பெனியும் நியூயார்க்கை விட்டுவிட்டு இங்கே வந்து குடியேறியிருக்கிறது? பதினோரு தடவை. ஒரு தடவை குனிந்தால் போதாதா? அவன் முகம் பதினோரு தடவை இவள் முகத்துக்குக் கிட்டே. நான் கல்யாணமான ஐந்து வருஷத்தில்—

எழுத வேண்டாம்.

மார்ச் 7, செவ்வாய்

இதை எழுதியே ஆக வேண்டும். அவமானத்திலா கோபத்திலா தெரியவில்லை.

இன்று ஸ்டூடியோவுக்குப் போனேன். மிஸாவோவிடம் சொல்லவில்லை. மதியக் காட்சி கிடையாது, கொட்டகை முதலாளி ஹிகுச்சியிடம் பல் வலி என்றேன். வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். வாசலில் நல்ல கோட்டும் தொப்பியுமாக நின்ற என்னை ஒருத்தன் தகரக் குழலால் முதுகில் தட்டி, “ஏய் ஜான், லேட்டு” என்று ஆங்கிலத்தில் கத்தி உள்ளே தள்ளினான் (சீனாக்காரர் எல்லோருக்கும் அவர்கள் வைத்த பெயர் ஜான்). நான் பென்ஷி, நான் பார்வையாளன் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. ஜப்பானிய மொழியில் முந்நூறு பேரை அழவைக்கும் வாய், அந்த இடத்தில் ஊமை வாய். இரண்டு நிமிஷத்தில் கோட்டைக் கழற்றிவிட்டார்கள். நீலச் சட்டை. பொய்ச் சடை தைத்த தொப்பி. முகத்திலும் கழுத்திலும் மஞ்சள் பூச்சு. மஞ்சள் நிறத்தவனுக்கு எதற்கடா மஞ்சள் பூச்சு?

ஜப்பானியத் துறைமுகமாம். அதில் சடை வைத்த சீனக் கூலிகள் மூட்டை தூக்குகிறோம். எனக்கு முன்னால் ஒரு நிஜச் சீனாக்காரர், நாற்பது வயசிருக்கும். என் முறைப்பைப் பார்த்துவிட்டு உடைந்த ஆங்கிலத்தில் பேசினார். எனக்கும் அந்த அளவு ஆங்கிலம்தான் புரியும்.

“முதுகைக் குனி. இல்லன்னா இன்னொரு தடவை எடுப்பாங்க.”

“நான் சீனாக்காரன் இல்ல.”

“அதனால என்ன? போன வாரம் நான் ஜப்பான்காரன்.” சிரிக்காமல் சொன்னார். “நாளைக்கு என்னவோ. குனி.”

குனிந்தேன். அப்போதுதான் அவள் வந்தாள். தேயரின் கையைப் பிடித்துக்கொண்டு, படகிலிருந்து இறங்கி, எங்கள் வரிசையைக் கடந்து. கிமோனோவை வலப்பக்கம் மேலே வரும்படி கட்டியிருந்தார்கள். பிணத்துக்குக் கட்டுகிற கட்டு. என் பெண்டாட்டி பிணக்கட்டோடு ஒரு அந்நியன் தோளில் சாய்ந்து நடந்துபோகிறாள், நான் மூட்டைக்கு அடியிலிருந்து பார்க்கிறேன். எட்டு அடி தூரம்கூட இல்லை. என்னைப் பார்க்கவில்லை. தேயரிடம் திரும்பி ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். அவனுக்கு நம் பாஷை தெரியாது என்றாளே, பிறகு எதற்குத் தலையாட்டுகிறான்?

வீட்டுக்கு அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டேன். முகத்தை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

“இன்னிக்கு எங்க போனீங்க?” என்றாள் சோறு போட்டுக்கொண்டே.

“கொட்டகைக்கு. ஒத்திகை.”

“வேற எங்கயும் போகல?”

“எங்க போவேன்?”

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தாள். “காதுக்குப் பின்னால அழுக்கு.” துடைத்துக்கொண்டேன். நல்லவேளை, அதற்கு மேல் கேட்கவில்லை.

மார்ச் 20, திங்கள்

இப்போதெல்லாம் தினமும் “இன்னிக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்க்கிறாள். குற்றமுள்ளவர்கள்தான் அடுத்தவர் வாயைப் பார்ப்பார்கள். எவ்வளவு தெரியும் எனக்கு என்று ஆழம் பார்க்கிறாள். நான் பிடிகொடுக்கவில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

“இன்னிக்குச் செத்துட்டேன்” என்று செருப்பைக் கழற்றினாள். கடைசிக் காட்சி முடிந்துவிட்டதாம்.

எனக்கு ஒன்று தோன்றியது. சாகும்போது வாய் அசையுமே. அங்கே வெள்ளைக்காரர்கள் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. “அழு, பேசு, உன் பாஷையிலேயே பேசு” என்று டைரக்டர் சொல்வதாக ஒதெய் சொல்லியிருக்கிறாள். எழுத்து அட்டையைப் பிறகு அவர்கள் இஷ்டத்துக்குச் செருகிக்கொள்வார்கள்.

“சாகும்போது அவன்கிட்ட என்ன சொன்னே?”

“படம் வரும்போது பாருங்க. உங்களுக்குத்தான் உதடு படிக்கத் தெரியுமே.”

அவ்வளவுதான். எனக்கு அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. கையுறை, பதினோரு தடவை, ஆறரை மணி, எல்லாம். கத்தினேன். கீழே ஒதெய் வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. நான் கத்தி முடிக்கும்வரை மிஸாவோ நின்றுகொண்டே இருந்தாள்.

“சொல்லி முடிச்சாச்சா? இன்னும் ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா?”

“நான் என்ன சொல்றது? நீதான் சொல்லணும்.”

“ஒண்ணுமே இல்லியா?”

“ஒண்ணுமில்ல.”

அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது? மாட்டிக்கொண்டோம் என்றா?

ஏப்ரல் 9, ஞாயிறு

போயிட்டா.

ஃப்ரெஸ்னோவில் அவள் அக்கா கிகுனோ வீட்டுக்கு. அக்கா புருஷனுக்குத் திராட்சைத் தோட்டம் குத்தகை. ஒரே பெட்டி. கதவுக்கிட்டே நின்று ஒன்று சொன்னாள்: “நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். படத்துல இருக்கு.”

அப்ப இருக்கு. அவளே ஒப்புக்கிட்டா. அவன்கிட்ட சொன்னது படத்துல இருக்கு.

போகட்டும். யாருக்கு நஷ்டம்? எனக்கொன்றும் இல்லை.

சோறு அடிப்பிடித்துவிட்டது. இரண்டு தடவை.

மே 2, செவ்வாய்

ஃப்ரெஸ்னோதானா? தேயர் நியூயார்க்கில் இருப்பதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறான். கிகுனோவிடமிருந்து கடிதம்: மிஸாவோ சுகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், இரண்டு வரி. மிஸாவோ ஏன் எழுதவில்லை? உறையை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். தபால் முத்திரை ஃப்ரெஸ்னோதான். அந்த ஊர்த் தபால்காரனையும் கைக்குள் போட்டுக்கொண்டார்களோ?

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் கிழிக்கவில்லை.

ஜூலை 12, புதன்

ஹிகுச்சி படத்தை வரவழைத்திருக்கிறார். அந்தப் படத்தை. அடுத்த சனிக்கிழமை முதல்.

“நம்ம தெருப் பொண்ணு நடிச்ச படம், சென்சேய். கூட்டம் அள்ளும். அதுவும் புருஷனே பேசினா.”

“வேற பென்ஷியைப் போடுங்க.”

“வேற யாரு பேசினாலும் ஜனங்க காரணம் கேப்பாங்களே.” மீசைக்குள் சிரிக்கிறார். இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். வேண்டுமென்றேதான் செய்கிறார். ஒதெய் சொல்லியிருப்பாள்.

அதாவது முந்நூறு பேர் நடுவில் நின்று, என் பெண்டாட்டி இன்னொருத்தனிடம் சொன்ன ஆசை வார்த்தையை நானே என் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு குரலும் நானே கொடுக்க வேண்டும். அவளுக்காகக் கொஞ்ச வேண்டும், அவனுக்காகக் கிறங்க வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

இன்று மதியம் காலிக் கொட்டகையில் முதல் தடவையாகப் பார்த்தேன். மேலே ஆபரேட்டர், பக்கத்தில் ஒதெய். அவளும் நடித்திருக்கிறாளே, பார்க்க வேண்டுமாம். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டாம் ரீலில் அந்தக் குனிகிற காட்சி. தேயர் கையைப் பிடிக்கிறான், குனிகிறான், அதற்குள் எழுத்து அட்டை வந்துவிடுகிறது. அட்டைக்கு முன்னால் மிஸாவோவின் கிமோனோ வலப்பக்கம் மேலே. அட்டைக்குப் பிறகு இடப்பக்கம் மேலே. உயிரோடிருப்பவர்கள் கட்டுகிற மாதிரி. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஒதெய் சிரித்தாள். “அதுக்குத்தான் பதினோரு தடவை. உடுப்புக்காரி வந்து பிணக்கட்டுக் கட்டிட்டுப் போவா. கேமரா சுத்தறதுக்குள்ள உங்க ஆளு திருப்பிக் கட்டிக்கும். டைரக்டர் நிறுத்துவாரு. மறுபடி அவ வருவா. மறுபடி இவ திருப்புவா. ‘நான் கடைசி ரீல்லதான் சாகறேன், அதுவரைக்கும் என்னை உயிரோட விடுங்க’ன்னு ஜப்பான் பாஷையிலயே சொன்னா. ஒருத்தருக்கும் புரியல. பதினோராவது தடவை டைரக்டரே அலுத்துப்போய் விட்டுட்டாரு. அதையும் இதையும் வெட்டி ஒட்டியிருக்காங்க, பாருங்க.”

“அன்னிக்கே இதைச் சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேட்ட தோரணை அப்படி. ஒரு வாரம் தவிக்கட்டும்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

தேயரைப் பற்றியும் கேட்டேன். “ஐயோ பாவம், அந்த ஆளு வெங்காயச் சாண்ட்விச் தின்னுட்டு வந்து குனிவாரு. மிஸாவோ மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். என்ன பேசினாலும் தலையாட்டுவாரு. ஒரு தடவை ‘உங்க மூக்குல மாவு ஒட்டியிருக்கு’ன்னு சொன்னா, அதுக்கும் உருகிப்போய்த் தலையாட்டினாரு.”

நான் நம்பவில்லை. இவள் மிஸாவோவுக்கு வேண்டியவள், பூசி மெழுகுகிறாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மூன்றாம் ரீல் வரும்வரை.

துறைமுகம். கூலிகள். சடை வைத்த ஒருத்தன் மூட்டைக்கு அடியிலிருந்து கண்ணால் எரிக்கிறான். பசைக்கண் சித்தப்பாகூட அப்படி விழித்ததில்லை. பார்த்த உடனே, இது யாரடா இவ்வளவு கெட்ட முகம் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம். பிறகு ஒதெய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது நான்.

மிஸாவோ நடந்து வருகிறாள். அந்தக் கூலியைத் தாண்டும்போது அவள் பார்வை அவன்மேல் நிற்கிறது. மூட்டை பாரத்தில் நான் கண்ணைத் தாழ்த்தியிருந்த கணம் அது, அதனால்தான் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் நடிப்பெல்லாம் போய்விடுகிறது. அவளே நிற்கிறாள், எங்கள் வீட்டு மிஸாவோ. பிறகு தேயரிடம் திரும்பிச் சொல்கிறாள். உதடு பளிச்சென்று தெரிகிறது: “அது என் புருஷன்.”

தேயர் தலையாட்டுகிறான்.

அவளுக்குத் தெரியும். மார்ச் ஏழாம் தேதியிலிருந்தே தெரியும். ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தபோது தெரியும். தினமும் “இன்னிக்கு என்ன விசேஷம்” என்று கேட்டபோதெல்லாம் தெரியும். நான் சொன்னதோ ஒத்திகை, ஒண்ணுமில்ல.

கடைசி ரீல். தேயர் மடியில் கிடக்கிறாள். எழுத்து அட்டை: ‘எஜமானே, இந்தச் சின்ன மஞ்சள் பூவை மன்னியுங்கள்.’ ஆனால் அவள் தேயரைப் பார்க்கவில்லை. நேரே கேமராவைப் பார்க்கிறாள். அவசரப்படாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக:

“எய்ஜிரோ-சான். துறைமுகத்துல உங்களைப் பார்த்தேன். வந்தது எனக்குக் கோவமில்ல. வரலன்னு சொன்னீங்களே, அதுதான். நீங்களா சொல்லுங்க. காத்திருக்கேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவள் சேர்த்து வைத்த கைகளை அந்த வெள்ளைக்காரர்கள் விடவில்லை. படம் முடிந்தது.

ஆபரேட்டர் மேலேயிருந்து, “இன்னொரு தடவை ஓட்டட்டுமா, சென்சேய்?” என்றான். வேண்டாம் என்றேன். பிறகு ஓட்டு என்றேன்.

ஜூலை 22, சனி

நான் கோழை. இதைத் தவிர வேறு எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கொட்டகையில் நிற்க இடமில்லை. துறைமுகக் காட்சியில் யாரோ, “ஏய், நம்ம சென்சேய் மாதிரி இருக்கே அந்தச் சடை” என்றான். சிரிப்பு. என் வாய் தானாகவே பேசியது: “இவன் சீனக் கூலி. கேடுகெட்டவன். கான்டனில் பிறந்தவன்.” என் முகத்தைக் காட்டி நானே சொன்னேன். அதோ முதுகைக் குனிந்து எனக்கு முன்னால் அந்த மனிதர் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார்.

கடைசி ரீலில் சங்கீதம் போல நீட்டி முழக்கினேன். காதல், தியாகம், முத்து, கடல், அடுத்த பிறவி. ஒருத்தரும் அழவில்லை. முன்வரிசைப் பெண்கள் என் குரலைக் கேட்கவே இல்லை, திரையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ‘துறைமுகத்துல உங்களைப் பார்த்தேன்.’ அவர்களுக்கும் அந்தப் பாஷைதானே, அவர்களுக்கும் கண் இருக்கிறதே. இதை நான் யோசிக்கவே இல்லை. கொட்டகை முழுக்க அவள் சொன்னதைப் படித்துக்கொண்டிருக்க, நான் ஒருத்தன் மட்டும் பக்கத்தில் நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காட்சி விட்டதும் ஹிகுச்சி வந்தார். மீசைக்குள் சிரிப்பு இல்லை.

“எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, சென்சேய். உங்க வீட்டம்மா பேசினது தெருவுக்கே தெரியும். நீங்கதான் என்ன சொல்றீங்கன்னு தெரியல.”

ஆகஸ்ட் 8, செவ்வாய்

படம் இங்கே முடிந்தது. தோட்டத்து ஊர்களுக்கு அனுப்பப்போகிறார்கள்: பேக்கர்ஸ்ஃபீல்ட், ஃப்ரெஸ்னோ, ஸ்டாக்டன். கூடப் போகும் பென்ஷியாக ஹிகுச்சி வேறொருவனை எழுதி வைத்திருந்தார். ஏன் அவனை? அவன் வாலிபன், குரல் இனிப்பானவன், மிஸாவோவைப் போன வருஷம்—

நிறுத்து.

நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹிகுச்சி பேரை அடித்து எழுதினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைக்கூடச் சந்தேகப்படப் பார்த்தேன், முடியவில்லை.

ஆகஸ்ட் 19, சனி, ஃப்ரெஸ்னோ

புத்தர் கோயில் கூடத்தில் காட்சி. ஜன்னல்களுக்குப் போர்வை தொங்கவிட்டு, இரண்டு படுக்கை விரிப்பைத் தைத்துத் திரை. திராட்சை பறித்துவிட்டு அப்படியே வந்தவர்கள், முழங்கை வரை மண். கிகுனோவை முதலில் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் மிஸாவோ. கறுத்திருக்கிறாள். கடைசிப் பலகையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

பசைக்கண் சித்தப்பா வந்ததும் சொன்னேன்: “இவன் நம்ம ஆளும் இல்ல, சீனாக்காரனும் இல்ல. கண்ணுல பசை போட்ட அமெரிக்கன். பசை காய்ஞ்சுட்டதால சிமிட்ட முடியாம கஷ்டப்படறான், பாருங்க.” கூடம் சிரித்தது. வழக்கமான கைதட்டல் வரவில்லை. சிலருக்குப் பிடிக்கவில்லை என்றுகூடத் தெரிந்தது. பரவாயில்லை.

துறைமுகம் வந்தது.  முன்னால் குனிந்து போகிறவரைக் காட்டினேன். “இவர் மூட்டை தூக்கறார். எனக்கும் தூக்கச் சொல்லிக் குடுத்தார். பேரு கேக்காம வந்துட்டேன்.” அடுத்தது என் முகம். “இது நான். என் பெண்டாட்டியை வேவு பார்க்கப் போய் மாட்டிக்கிட்டேன்.” யாரோ சிரித்தார்கள், பக்கத்து ஆள் அடக்கினார்.

கடைசி ரீலில் அவள் பேசும்போது நான் வாயைத் திறக்கவில்லை. சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும். கூடத்தில் எல்லோரும் உதடு அசைத்துப் படித்தார்கள். அவள் கண்ணை மூடிய பிறகு நான் சொன்னேன். இருபத்தோரு வயதிலிருந்து இந்தத் தொழில் செய்கிறேன், ஒரே ஒருத்திக்காகப் பேசியதில்லை.

“வந்தேன். பார்த்தேன். வீட்டுல பொய் சொன்னேன்.”

கடைசிப் பலகையிலிருந்து குரல் வந்தது. ரொம்பச் சாதாரணமாக, சந்தைக்கடையில் விலை கேட்பதுபோல.

“கேக்கல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடி சொன்னேன், உரக்க.

“கேக்கல” என்றாள் மிஸாவோ.

அதற்குள் ரீல் ஓடி முடிந்து, விரிப்பு வெறும் வெள்ளையாக நின்றது. அந்த வெளிச்சமெல்லாம் என்மேல். சொன்னேன். மார்ச் ஏழாம் தேதி, நீலச் சட்டை, பொய்ச் சடை, மூன்று தடவை சோப்பு, பல் வலி, ஒத்திகை, கையுறை, தபால் முத்திரை, எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துபோயிருந்தேன் என்றும் சொன்னேன். நீ போய்விடுவாய் என்று பயந்து, நானே உன்னைப் போகவைத்தேன் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. ஆபரேட்டர் விளக்கை அணைக்கவில்லை.

முடித்தபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“கேட்டுது” என்றாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ரீல் பெட்டிகளை ஆபரேட்டரோடு ஸ்டாக்டன் ரயிலில் ஏற்றிவிட்டேன். அந்த வாலிபனையே அங்கே வரச்சொல்லி ஹிகுச்சிக்குத் தந்தி அடித்தாகிவிட்டது. இங்கே திராட்சை பறிக்க ஆள் போதவில்லையாம். கிகுனோ புருஷன் எனக்கு ஒரு கத்தி கொடுத்தான். கொத்தை எங்கே பிடித்து வெட்டுவது என்று மிஸாவோதான் காட்டிக்கொடுத்தாள், இரண்டு தடவை.